முதலில் எந்த ஃபோல்டரை எடுக்கட்டும்?

போன வருடம் மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, சென்னை ரிச்சி தெருவில் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் ஒரு சின்னக் கடைக்கு என் 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுபோனேன். இரண்டு நாளாக அதிலிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம். லேப்டாப்பில் சொருகினால் ஒரு தடவை தெரியும், மறு தடவை தெரியாது. கடையில் இருந்த தம்பி அதைக் காதோரம் வைத்துக் கேட்டுவிட்டு மேசைமேல் மெதுவாக வைத்தார்.

"இதுக்கு மேல நீங்க சொருகிப் பாக்காதீங்க மேடம். ஹெட் வீக்கா இருக்கு, எவ்வளவு நேரம் தாங்கும்னு சொல்ல முடியாது. மொத்தமா காப்பி போட்டா நடுவுல நின்னாலும் நின்னுடும். முக்கியமானதை முதல்ல எடுத்துடறேன். முதல்ல எந்த ஃபோல்டரை எடுக்கட்டும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பதினோரு வருடமாக டிஜிட்டலில் படம் வரைந்து பிழைக்கிறேன். புத்தக அட்டைகள், சிறுவர் கதைகளுக்கான படங்கள், சில சமயம் கல்யாணப் பத்திரிகை. எல்லாம் அந்த டிஸ்க்கில்தான் இருந்தது. ஆனால் எது எங்கே என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. 'புக்ஸ் 2019', 'கிளையன்ட் நியூ', 'நியூ ஃபோல்டர் 4' என்று பெயர்கள்தான் நினைவுக்கு வந்தன. அதில் 'நியூ ஃபோல்டர் 4'க்குள் என் வாழ்க்கையின் மிகச் சிறந்த படமும் இருக்கலாம், யாரோ அனுப்பிய குட்மார்னிங் படமும் இருக்கலாம். கடைசியில் மூன்று ஃபோல்டர் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது.

நல்லவேளையாகப் பெரும்பகுதியை அவர் மீட்டுக் கொடுத்துவிட்டார். 1.6 டெராபைட். புதிதாக 4 டெராபைட் டிஸ்க் வாங்கி அதில் போட்டுக்கொள்ளச் சொன்னார். நான் 2 டெராபைட்டே வாங்கினேன். இடம் கூடக் கிடைத்தால் இன்னும் நாலு வருடம் யோசிக்காமல் கொட்டிக்கொண்டே இருப்பேன் என்று தெரிந்தது.

அன்று முதல் தினமும் இரவு ஒரு மணி நேரம் ஒதுக்கி உட்கார்ந்தேன். முதலில் திறந்தது ஒரு சிறுகதைத் தொகுப்பின் அட்டைக்கான ஃபோல்டர். அச்சுக்குப் போன பிடிஎஃப் 48 எம்பி. ஃபோல்டர் மொத்தம் 11.4 ஜிபி. உள்ளே 37 ஃபோட்டோஷாப் ஃபைல்கள். ஃபைனல், ஃபைனல்2, ஃபைனல் ஓகே, ஃபைனல் பதிப்பாளர் சொன்னது, ஃபைனல் நீலம், ஃபைனல் நீலம் வேண்டாம். ஒவ்வொன்றும் 300 எம்பி அளவில். வரிசையாகத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 14க்கும் 15க்கும் என்ன வித்தியாசம் என்று தேடினால், தலைப்பின் எழுத்து ஒரு நூலளவு கீழே இறங்கியிருந்தது. அவ்வளவுதான். அதற்காக 300 எம்பி.

ஏன் இவ்வளவு கனம் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஏ4 தாளை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) வைத்தால் 2480க்கு 3508 பிக்சல், அதாவது கிட்டத்தட்ட 87 லட்சம் புள்ளிகள். சுருக்காமல் பார்த்தால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் லேயர்களில், முழுத் தாளையும் நிரப்பும் ஒன்றுக்கு 35 எம்பி. நிறங்களை இன்னும் நுணுக்கமாகப் பதியும் 16 பிட்டில் வரைந்தால் அது இரட்டிப்பாகும். நான் எதற்கென்றே தெரியாமல் எல்லாவற்றையும் 16 பிட்டில் தொடங்கும் பழக்கம் வைத்திருந்தேன். சாதாரண அட்டைக்கு 8 பிட் தாராளமாகப் போதும். மென்மையாக ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மாறும் வானம், மூடுபனி போன்ற இடங்களில்தான் 16 பிட் கைகொடுக்கும். அது போக, ஒரு பழைய காகிதத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டாக ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் பதித்து வைத்திருந்தேன். ஒரே காகிதம், 37 ஃபைல்களில் 37 முறை. உள்ளே பதிக்காமல் வெளியே ஒரே இடத்தில் வைத்து இணைப்பு மட்டும் கொடுக்கலாம் என்பது எனக்கு முன்பே தெரியும். செய்யத்தான் இல்லை.

டேப்லெட்டில் கதை வேறு. என்னுடையது 64 ஜிபி. 'ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது' என்று ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டே இருந்ததால், 256 ஜிபி உள்ள புதியதை வாங்கப் பணம் சேர்த்து வைத்திருந்தேன். அதற்கு முன்னால் ஒருமுறை பார்ப்போமே என்று ஒவ்வொரு படமாகத் திறந்தேன். நான் வரையும் புரோகிரியேட் செயலி, நாம் வரைவதை எல்லாம் வேகமாக ஓட்டிக் காட்டும் டைம்லாப்ஸ் வீடியோவாக அதுவே பதிந்து, படத்தோடு சேர்த்து வைத்துக்கொள்கிறது. நான் அதை உயர்ந்த தரத்தில் விட்டிருந்தேன். பதினோரு வருடத்தில் நான் வெளியே பகிர்ந்த டைம்லாப்ஸ் ஆறோ ஏழோ இருக்கும். கேன்வாஸ் அமைப்பில் போய் அந்தப் பதிவை அணைத்தால், இதுவரை பதிந்ததையும் நீக்கவா என்று கேட்கும். முடிந்த படங்களில் எல்லாம் நீக்கினேன். 19 ஜிபி திரும்பக் கிடைத்தது. இன்றுவரை அதே பழைய டேப்லெட்டில்தான் வரைகிறேன்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் அம்பத்தூரையும் அத்திப்பட்டையும் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் இருப்பது அம்பத்தூரில். தொழிற்பேட்டைப் பக்கம் போனால் ஜன்னலே இல்லாத பெரிய கட்டடங்கள் நிற்கும். பக்கத்தில் வரிசையாக ஜெனரேட்டர்கள், மேலே குளிரூட்டும் இயந்திரங்கள். நாம் கிளவுடில் போடுவதைச் சேமித்து வைக்கும் டேட்டா சென்டர்கள். இந்தியாவில் மும்பைக்கு அடுத்து இவை அதிகம் இருப்பது சென்னையில்தான். இணையத்துக்கான கடலடி கேபிள்கள் இங்கே கரையேறுவது ஒரு காரணம். 2021இல் தமிழக அரசு இவற்றுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. நான் கிளவுடில் போடும் படம் அம்பத்தூரில் இருக்கிறதா, சிங்கப்பூரில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் எங்கோ ஒரு கட்டடத்தில், இரவும் பகலும் சுழலும் தட்டில், ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகளாக இருக்கிறது. அந்த இடத்தைக் குளிர்விக்கவும் மின்சாரம் ஓடுகிறது. கிளவுட் என்ற சொல் இதை மறைத்துவிடுகிறது. மேகம் என்றதும் எடையே இல்லாத ஒன்று என்று மனசு நம்பிவிடுகிறது.

அத்தை வீடு அத்திப்பட்டுப் பக்கம். எண்ணூர் கழிமுகத்துக்கு அந்தப்புறம், அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தெரியும் தூரம். அத்தை மொட்டை மாடியில் வற்றல் போடுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. கொடியில் காய்ந்த வேட்டியை எடுத்து உதறினால் சாம்பல் பறக்கும். ஒருமுறை நான் அங்கே உட்கார்ந்து டேப்லெட்டில் வரைந்துகொண்டிருந்தபோது, திரைமேல் ஏதோ மொரமொரப்பாக நெருடியது. துணியால் துடைத்தேன். துணியில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. அந்தத் துணியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழ்நாட்டுக்கு ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகள் உண்டு, சூரிய மின்சாரமும் உண்டு. ஆனால் காற்று சீசன் முடிந்த பிறகு, வெயில் இறங்கிய இரவில், நிற்காமல் ஓடவேண்டிய எதுவும் பெருமளவு நிலக்கரியைத்தான் நம்பியிருக்கிறது. டேட்டா சென்டர் நிற்காமல் ஓடவேண்டிய ஒன்று.

சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி 2024இல் உலகின் டேட்டா சென்டர்கள் செலவழித்த மின்சாரம் சுமார் 415 டெராவாட் மணி. நம் யூனிட் கணக்கில் 41,500 கோடி. உலக மின் நுகர்வில் 1.5 சதவீதம். 2030க்குள் அது இரட்டிப்புக்கும் மேல் ஆகும் என்று அதே முகமை சொல்கிறது. அயர்லாந்தில் 2015இல் நாட்டின் மின்சாரத்தில் 5 சதவீதம் எடுத்துக்கொண்ட டேட்டா சென்டர்கள் 2023இல் 21 சதவீதம் எடுத்துக்கொண்டன.

சரி, இதில் என் பங்கு எவ்வளவு? இதையும் தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். டேட்டா சென்டரில் இருக்கும் 20 டெராபைட் டிஸ்க் ஒன்று 8 வாட் அளவில் இழுக்கும். என் ஒரு டெராபைட்டுக்கு 0.4 வாட். மூன்று பிரதி என்று வைத்தால் 1.2. குளிரூட்டல் முதலியவற்றுக்குப் பாதி சேர்த்தால் 1.8 வாட். வருடம் முழுக்க ஓடினால் சுமார் 16 யூனிட். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் இரண்டு வாரத்தில் இழுப்பது. இந்திய மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்றால், மொத்தம் 11 கிலோ.

உண்மையைச் சொன்னால், நான் எதிர்பார்த்ததைவிட இது சின்ன எண். 2025 ஆகஸ்டில் இங்கிலாந்தில் வறட்சி வந்தபோது, பழைய மெயில்களையும் படங்களையும் அழித்தால் தண்ணீர் மிச்சமாகும் என்று அரசுத் தரப்பிலேயே மக்களுக்கு யோசனை சொன்னார்கள். அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்று பலர் மறுத்தார்கள். மறுத்தவர்கள் பக்கம்தான் நியாயம் என்று நினைக்கிறேன். வட்டில் சும்மா கிடக்கும் ஒரு படம் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் மிகக் குறைவு. அதை அழித்துவிட்டு ஒரு மணி நேரம் பெரிய டிவியில் வீடியோ பார்த்தால் கணக்கு முடிந்துவிடும்.

ஆனால் அந்த டேப்லெட்டை நினைத்துப் பாருங்கள். 19 ஜிபி டைம்லாப்ஸ் மின்சாரமாக ஒன்றும் பெரிதாகத் தின்னவில்லை. அது என்னைப் புதிய டேப்லெட் வாங்கும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனது. இப்படிப்பட்ட கருவிகள் தம் வாழ்நாளில் உண்டாக்கும் கரியமில வாயுவில் பெரும்பகுதி, நாம் அவற்றைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்பே, தயாரிப்பிலேயே வெளியாகிவிடுகிறது. சுரங்கம், சிப், திரை, கப்பல் எல்லாம் அதில் அடக்கம். பயன்படாத டேட்டாவின் பெரிய சேதம் அது நம்மை வாங்க வைக்கும் பொருள்களில் இருக்கிறது என்பது என் முடிவு. கூடுதல் டிஸ்க், பெரிய போன், அடுத்த கிளவுட் திட்டம், அந்தத் திட்டத்துக்காக எங்கோ எழும் இன்னொரு ஜன்னலில்லாத கட்டடம். என்னைப் போல லட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் 'இடம் போதவில்லை' என்று சொல்லும்போதுதான் அந்தக் கட்டடம் எழுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாச் சுமையையும் வரைகிறவர் தலையில் போடுவது சரியில்லை. 2021இல் டிஜிட்டல் படத்துக்கு உரிமைச் சான்று போட்டு விற்கும் என்எஃப்டி அலை அடித்தபோது நண்பர்கள் என்னையும் கூப்பிட்டார்கள். அந்த விற்பனைகளைப் பதிந்த எத்தீரியம் என்ற கணினி வலையமைப்பு அப்போது மின்சாரத்தை அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தது. ஒளியை வைத்துக் கலை செய்யும் பிரெஞ்சுக் கலைஞர் ஜோனி லெமெர்சியே, தன் என்எஃப்டி விற்பனைக்கு ஆன மின்சாரத்தைக் கணக்குப் பார்த்துவிட்டு அடுத்த விற்பனையைக் கைவிட்டார். நானும் ஒதுங்கினேன். ஆனால் 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் இயங்கும் முறையையே மாற்றியதும் அதன் மின் நுகர்வு 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. ஒரே நாளில். அடிப்படை வடிவமைப்பை மாற்றுகிறவர்கள் கையில்தான் பெரிய நெம்புகோல் இருக்கிறது. டைம்லாப்ஸ் பதிவு தானாக ஓடாமல், வேண்டும் என்கிறவர்களுக்கு மட்டும் ஓடும்படி செயலிகள் வந்தால், என் மாதிரி ஆயிரம் பேர் இரவில் கண்விழித்து நீக்க வேண்டியதில்லை.

இப்போது சில பதிப்பாளர்கள் 'ஐடியாவுக்கு' என்று ஏஐயில் உருவாக்கிய நாற்பது படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். 2023இல் ஏஐ ஆய்வாளர் சாஷா லூச்சியோனியும் சகாக்களும் செய்த ஆய்வில், சோதித்த மாடல்களில் ஆயிரம் படம் உருவாக்கச் சராசரியாக 2.9 யூனிட் ஆனது. நாற்பது படம் என்றால் சுமார் 0.12 யூனிட்தான். ஆனால் அந்த நாற்பதும் அவர் போனில், என் போனில், இருவரின் கிளவுட் பேக்கப்பில் உட்கார்ந்துகொள்கின்றன. ஒன்றைக்கூட யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. எனவே நான் இப்போது, "சார், மனசில் இருக்கறதை நாலு வரி வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அது போதும்" என்று கேட்டுவிடுகிறேன். வேலையும் இதில்தான் நன்றாக வருகிறது. வேறொருவர் படத்தைப் பார்த்துவிட்டால் என் கை அதைத்தான் போடும்.

நீக்குவதில் நான் செய்த பெரிய தவறையும் மறைக்கக் கூடாது. மூன்றாவது வாரம், இரவு பன்னிரண்டு மணிக்கு மேல், 'ஸ்கேன் பழசு' என்ற ஃபோல்டரைப் பார்த்தேன். மங்கலான பென்சில் கோடுகள். தூக்கக் கலக்கத்தில் மொத்தமாக அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டேன். அந்த ஃபோல்டர் கிளவுடோடு இணைந்திருந்ததால் அங்கேயும் போய்விட்டது. மறுநாள் காலையில்தான் உறைத்தது, அவை 2014இல் பொன்னேரிச் சந்தையில் உட்கார்ந்து நான் வரைந்தவை. காகிதங்கள் வீடு மாறியபோதே தொலைந்துவிட்டன. கிளவுடின் குப்பைத்தொட்டியில் முப்பது நாள் இருக்குமே என்று ஓடிப் பார்த்தேன். அங்கேயும் நானே காலி செய்திருந்தேன். மொத்தமும் சேர்த்து 90 எம்பிகூட இருக்காது.

அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1985இல் அமிகா கணினியில் வரைந்த படங்கள் பல வருடம் ஃப்ளாப்பிகளில் கிடந்து, கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினி மன்றத்தினரின் உழைப்பால் மீண்டு 2014இல் வெளியே தெரிந்தன. அந்தப் பழைய ஃபைல் வடிவத்தைத் திறக்கவே தனியாக மெனக்கெட வேண்டியிருந்தது. சந்தைப் படங்களை இழந்த பிறகு இதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அழிப்பது எளிது. எது பின்னால் யாருக்குத் தேவைப்படும் என்பது அன்றைக்குத் தெரியாது. அதனால் கையால் போட்ட முதல் கோட்டை இப்போது எக்காரணம் கொண்டும் அழிப்பதில்லை. அது எப்போதுமே சின்ன ஃபைல்தான். கனமெல்லாம் நடுவில் வரும் ஃபைனல்களில்தான்.

என் பழக்கம் இப்போது இப்படி இருக்கிறது. ஒரு வேலை தொடங்கும்போதே ஃபோல்டர் பெயரில் வருடம், மாதம், புத்தகத்தின் பெயர் வந்துவிடும். அச்சுக்குப் போனதும் எதையும் தொடுவதில்லை, ஏனென்றால் பதிப்பாளர் முதுகுப் பட்டையின் அகலம் மாறிவிட்டது என்று மறுபடி கூப்பிடுவார். புத்தகம் கைக்கு வந்து மூன்று மாதம் ஆன பிறகு உட்காருகிறேன். முதல் கோட்டுப் படம், லேயர்களோடு ஒரே ஒரு ஃபைல், அச்சுக்குப் போனது, எந்தச் செயலியிலும் திறக்கும்படி ஒரு பிஎன்ஜி, பேசிய தொகையும் உரிமையும் எழுதிய மெயில். இவ்வளவுதான் மிஞ்சும். மற்றதெல்லாம் 'காத்திருப்பு' என்ற ஃபோல்டருக்குப் போகும். ஒரு மாதம் கழித்து, பகலில், காபி குடித்த பிறகு அதை அழிப்பேன். இரவில் அழிப்பதே இல்லை.

கிரிட்டா என்ற செயலியில் வரைகிறவர்கள், பெயரின் கடைசியில் அலைக்குறியோடு இருக்கும் காப்பு ஃபைல்களைத் தேடிப் பாருங்கள். முப்பரிமாணப் படங்கள் செய்யும் பிளெண்டரில் அதேபோல் பெயர் முடிவில் 1 என்று சேர்ந்து நிற்கும். வேலை நடக்கும்போது அவை உயிர்காக்கும், முடிந்த பிறகு வெறும் சுமை. தரவிறக்கி வைத்த பிரஷ் தொகுப்புகளையும் பாருங்கள். என்னிடம் 2,300 பிரஷ் இருந்தன. பயன்படுத்துவது ஒன்பது. இப்படி மிஞ்சிய ஃபைல்களை மொத்தம் மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன்: லேப்டாப், வெளி டிஸ்க், கிளவுட். வெளி டிஸ்க்கை மாதம் ஒருமுறைதான் சொருகுகிறேன். அலமாரியில் இருக்கும்போது அது ஒரு சொட்டு மின்சாரமும் எடுப்பதில்லை. 1.6 டெராபைட் இப்போது 210 ஜிபி. இப்போது யாராவது எந்த ஃபோல்டர் முதலில் என்று கேட்டால் சொல்லிவிடுவேன்.

'நியூ ஃபோல்டர் 4'ஐக் கடைசியாகத்தான் திறந்தேன். அதில் 2017இல் வரைந்து முடிக்காமல் விட்ட படம் ஒன்று இருந்தது. எண்ணூர் கழிமுகம், அலையாத்தி, இடுப்பளவு தண்ணீரில் குனிந்து கையால் இறால் தடவும் இரண்டு பெண்கள். இதை வரைந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது. கோடுகள் நன்றாக இருந்தன. இரண்டு நாளில் நிறம் கொடுத்து, ஏ3 தாளில் பிரிண்ட் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டி ரயிலேறி அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது நம்ம ஆத்துப்பக்கம்தானேடி. தண்ணி இப்படி இருந்தப்போ பாத்து வரைஞ்சியா?" என்றாள். பிறகு இடது மூலையில் விரலை வைத்து, "இங்க எப்பவும் ஒரு படகு கட்டியிருப்பாங்க. அதை விட்டுட்டியே" என்றாள்.

திரும்பி வரும்போது ரயிலிலேயே டேப்லெட்டைத் திறந்து படகை வரைந்து சேர்த்தேன்.